காங்கேசன்துறையும் சோனகதெருவும்: எழுதப்படாத சினேகிதங்களின் வரலாறு

ஈழத்துப் போரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை இன்று ஓர் அலுமாரி நிறைய உண்டு. கவிதை, சிறுகதை, நாவல், நினைவுக்குறிப்பு என எல்லா வடிவத்திலும் உண்டு. ஆனால் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்து, "இது உன் வயதுக்காரரின் கதை, வாசித்துப் பார்" என்று சொல்லத்தக்க நாவல்களைத் தேடினால் அலுமாரியின் ஒரு மூலைகூட நிறையாது. அவற்றிலும், இரண்டு சினேகிதர்கள் எப்படிப் பிரிந்தார்கள் என்பதையே பொருளாகக் கொண்டவை மிக அருமை. கிராமப் பாடசாலையொன்றில் பத்தாம், பதினோராம் தரங்களுக்குத் தமிழும் வரலாறும் படிப்பிக்கின்றவன் என்ற முறையில் இந்தக் குறை என்னை அடிக்கடி உறுத்துவதுண்டு. வரலாற்றுப் பாடநூலில் உடன்படிக்கைகளும் ஆண்டுகளும் இருக்கின்றன. ஒரே வாங்கில் இருந்து படித்த இருவர் ஏன் பேசாமல் போனார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டால் அந்தப் புத்தகத்தில் பக்கம் இல்லை.

மேல்நாட்டில் இளையோர் நாவல்களுக்கென்று தனிப் பெயரும் தனி அலுமாரியும் இருக்கின்றன. அமெரிக்காவில் எஸ். ஈ. ஹின்டன் என்ற மாணவி தன் பதினைந்தாவது வயதில் எழுதத் தொடங்கிய 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தது. இளையோருக்கான நாவல் என்ற வகை அதிலிருந்து தொடங்கியதாகவே பலர் கணக்கிடுவர். அதற்கு முன்னரே, 1959இல், ஜோன் நோல்ஸ் என்பவர் 'எ செப்பரேட் பீஸ்' என்ற நாவலை எழுதியிருந்தார். காலம் 1942. இடம் ஒரு விடுதிப் பாடசாலை. மரக்கிளையில் நிற்கும் நண்பன் விழும்படி மற்றவன் கிளையை அசைத்துவிடுகிறான். அவன் தெரிந்து செய்தானா, தெரியாமல் செய்தானா என்பதுதான் நாவல் முழுவதும் ஓடும் கேள்வி. அங்கே உலகப் போர் வேலிக்கு வெளியே நடக்கிறது; நட்பை முறிப்பது பையன்களின் பொறாமை. நம்முடைய கதையில் பொறாமைக்கோ கோபத்துக்கோ அவகாசம் கிடைக்கவில்லை. பெரியவர்கள் முறித்துக் கொடுத்த நட்புக்களைத்தான் நம் பிள்ளைகள் சுமந்தார்கள்.

இதனை விளக்க யாழ்ப்பாணக் குடாநாட்டின் இரண்டு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று வடகரையிலுள்ள காங்கேசன்துறை. மற்றது யாழ். நகரின் சோனகதெரு. இரண்டையும் இணைக்கிறது காங்கேசன்துறை வீதி. நகரில் தொடங்கிக் கொக்குவில், இணுவில், மருதனார்மடம், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம் என்று போய்க் கடலில் முட்டும் அந்த வீதியின் நகரப் பக்கத்து முனையில் முஸ்லிம் வியாபாரிகளின் கடைகள் இருந்தன. மறுமுனையில் துறைமுகம், வெளிச்சவீடு, சீமெந்துத் தொழிற்சாலை, புகையிரத நிலையம். வடபகுதிப் புகையிரதப் பாதையின் முதற்பகுதி 1902இல் திறக்கப்பட்டபோது அது ஓடியது காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில்தான். 1905இல் கொழும்புடன் தொடர்பு ஏற்பட்டது. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1950இல் எழுந்த சீமெந்துத் தொழிற்சாலை பல ஊர் மனிதரை அங்கே கொண்டுவந்து சேர்த்தது. தொழிற்சாலை விடுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வேற்றூரார், வேற்று மதத்தார் என்பது புதினமாக இருக்கவில்லை. பின்னாளில் அதே சீமெந்துக் கூட்டுத்தாபனத்தின் கீழ் இன்னொரு தொழிற்சாலை புத்தளத்தில் எழுந்தது. வடக்கிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் போய்ச் சேர்ந்ததும் அந்தப் புத்தளத்துக்கே. அதைப் பின்னர் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்து முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் சேர்ந்து படித்த கதை நேற்று முளைத்ததன்று. இலங்கைச் சிவில் சேவையில் 1935இல் சேர்ந்த முதல் முஸ்லிமும், பின்னர் கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக விளங்கியவருமான ஏ. எம். ஏ. அஸீஸ் 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். அவர் குர்ஆன் மத்ரஸாவில் தொடங்கி, வைத்தீஸ்வர வித்தியாலயத்தில் படித்து, யாழ். இந்துக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகம் சென்றார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலையில் ஒரு முஸ்லிம் மாணவன் படித்தான் என்பது இன்று சிலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். அன்று அது வழமை. பின்னர் ஒஸ்மானியாக் கல்லூரியும் கதீஜா மகளிர் பாடசாலையும் வளர்ந்தபோது பகல் நேர வாங்குகள் பிரிந்தன. ஆனால் பின்னேரத்தில் ரியூசன் வகுப்புக்களிலும் விளையாட்டு மைதானங்களிலும் பிள்ளைகள் மறுபடி கலந்துகொண்டார்கள்.

1983 யூலைக்குப் பின் நிலைமை மாறியது. இயக்கங்கள் பெருகின. ஒரே வகுப்பிலிருந்து ஒருவன் ஓர் இயக்கத்துக்கும் மற்றவன் இன்னோர் இயக்கத்துக்கும் போனான். 1986 ஏப்ரல், மே மாதங்களில் விடுதலைப் புலிகள் ரெலோவை அழித்தார்கள். அவ்வாண்டு டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தடைசெய்யப்பட்டது. பத்தொன்பது வயது இளைஞனைத் தேடி அவனுடைய பழைய வகுப்புத் தோழன் துவக்குடன் வந்த காலம் அது. இந்தப் பகுதியை நம் எழுத்து ஓரளவு தொட்டிருக்கிறது. கோவிந்தனின் 'புதியதோர் உலகம்' 1985இலேயே வெளிவந்து ஓர் இயக்கத்தின் உள்ளே தோழமை எப்படி அழுகியது என்று காட்டியது. ஷோபாசக்தியின் 'கொரில்லா' 2001இல் வந்தது. இவையெல்லாம் வளர்ந்தோருக்கான நூல்கள். பத்தாம் தரத்துப் பிள்ளைக்கு நான் கொடுக்கத் தயங்குவேன். உள்ளே இருப்பது பொய் என்பதனால் தயங்கவில்லை. அந்த வயதுப் பிள்ளை எங்கே நின்று பார்க்கும் என்பதை அவை எண்ணி எழுதப்படவில்லை.

இனி 1990. யூன் 11ஆந் திகதி கிழக்கில் போர் மீண்டும் மூண்டது. சில நாட்களில் பலாலி, காங்கேசன்துறைப் பகுதி குண்டுவீச்சுக்கும் எறிகணைக்கும் உள்ளாயிற்று. யூன் நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளைவிட்டு வெளியேறினார்கள். இரண்டு நாளில் திரும்பலாம் என்று மாற்றுடுப்பு இரண்டுடன் போனவர்கள் இருபது, இருபத்தைந்து வருடங்கள் திரும்பவில்லை. ஆறாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. தொழிற்சாலை நின்றது, புகையிரதம் நின்றது, நடேஸ்வராக் கல்லூரி இடம்பெயர்ந்து இயங்கியது. கோணப்புலம் போன்ற முகாம்களில் ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்து கலியாணமும் முடித்தது.

நாலரை மாதம் கழித்து முஸ்லிம்களின் முறை வந்தது. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னாரிலும் முல்லைத்தீவிலும் கட்டளை பிறந்தது. ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை, சோனகதெருவில் விடுதலைப் புலிகளின் ஒலிபெருக்கி வாகனங்கள் திரிந்தன. ஜின்னா மைதானத்துக்கு வரும்படி அழைப்பு. அங்கே கூடியவர்களிடம், இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று இளம்பரிதி அறிவித்தார். காரணம் கூறப்படவில்லை. வெளியேறும் வழியில் சோதனை. நகைகள், பணம், உறுதிப் பத்திரங்கள் பறிக்கப்பட்டன. ஆளுக்கு நூற்றைம்பது ரூபாவுடன் போகவிடப்பட்டார்கள். வடமாகாணம் முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் இவ்வாறு துரத்தப்பட்டனர். மன்னார்ப் பக்கத்தார் பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். யாழ்ப்பாணத்தார் லொறியிலும் கால்நடையிலும் வவுனியா வந்து அங்கிருந்து புத்தளம் சேர்ந்தனர்.

பின்னணியை மறைத்துப் பேசுவது வரலாறாகாது. அதே ஆண்டு ஓகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடியில் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அடுத்த வாரம் ஏறாவூர். கிழக்கில் முஸ்லிம் ஊர்காவற் படையினர் தமிழ்க் கிராமங்களில் செய்த கொலைகளும் அக்காலத்தவையே. இவற்றிற்கும் சோனகதெருவில் புளூட்டோ பேனாவும் கொப்பியும் விற்ற கடைக்காரருக்கும் என்ன சம்பந்தம் என்பதை எவரும் இன்றுவரை விளக்கவில்லை.

அப்போது எனக்குப் பதின்மூன்று வயது. ஆண்டு எட்டு. பொருளுக்குத் தேவையான அளவுக்கு மட்டும் என் அனுபவத்தைச் சொல்லிக்கொள்கிறேன். யூனில் காங்கேசன்துறையிலிருந்து இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் ஓட்டுமடத்தில் உறவினர் வீட்டில் வந்து தங்கியது. அந்த வீட்டுப் பையன் என் வயது. கோட்டைச் சண்டை நடந்த மாதங்களில் பாடசாலை ஒழுங்காக நடக்கவில்லை. ஒரு வாத்தியார் தன் வீட்டு விறாந்தையில் கணக்குப் படிப்பித்தார். அங்கேதான் சினேகிதமானோம். அவனிடம் பழைய ராணி கொமிக்ஸ் ஆறோ ஏழோ இருந்தன. வீட்டைவிட்டு ஓடும்போது அதைத்தான் எடுத்து வந்திருக்கிறான், அவன் அம்மா அதற்காக அவனை ஏசிக்கொண்டேயிருப்பா. சீமெந்துத் தூசி படிந்து தங்கள் ஊர்க் கிடுகு வேலிகள் வெள்ளையாய் நிற்கும் என்பான். வெளிச்சவீட்டு வெளிச்சம் தன் படுக்கையறைச் சுவரில் வந்து போகும் என்பான். அது பொய்யாக இருக்கலாம், நான் நம்பினேன். பின்னேரங்களில் ஜின்னா மைதானத்தில் எங்களோடு பந்தடிக்க வருவான்.

காத்தான்குடிச் செய்தி வந்த கிழமை அவன் விறாந்தையில் என் பக்கத்தில் இருக்கவில்லை. தூணுக்கு அப்பால் போய் இருந்தான். வாத்தியார் கவனித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு தானாக வந்து இருந்தான். ஏன் போனாய் என்று நானும் கேட்கவில்லை, ஏன் வந்தேன் என்று அவனும் சொல்லவில்லை. இந்த ஒரு கிழமையைப் பற்றித்தான் யாராவது ஒரு நாவல் எழுத வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. துவக்கும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. ஒரு தூண் மட்டுந்தான். வீட்டில் யாரோ பெரியவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவனுடைய வீட்டிலும் சொல்லியிருப்பார்கள், எங்களுடைய வீட்டிலும் சொன்னார்கள். வாப்பா ராத்திரியில் மெதுவாகப் பேசியது எனக்கும் கேட்டது.

ஒக்டோபர் 30 மத்தியானம் நான் அவனைக் காணவில்லை. அவனுடைய கொம்பாஸ் பெட்டி எங்கள் வீட்டு யன்னல் திட்டில் இருந்தது. முதல் நாள் இரவல் வாங்கியது. அதை எடுக்க வேண்டும் என்று உம்மாவிடம் சொன்னேன். உம்மா தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு முன்னே போய்க்கொண்டிருந்தா.

இதற்கு மேல் என் கதை தேவையில்லை. இதுபோல் ஆயிரம் உண்டு. இனிப் பொதுவான கேள்விக்கு வருகிறேன். இப்படிப்பட்ட முறிவை மற்றவர்கள் எப்படி எழுதினார்கள்?

ஃபிரெட் ஊல்மன் என்ற ஓவியர் ஜெர்மனியின் ஷ்டுட்கார்ட் நகரில் 1901இல் பிறந்த யூதர். சட்டத்தரணியாக இருந்தவர். ஹிட்லர் வந்த 1933இல் தப்பியோடிப் பின்னர் இங்கிலாந்தில் வாழ்ந்தார். அவர் எழுதி 1971இல் வெளிவந்த 'ரீயூனியன்' நூறு பக்கம்கூட வராத குறுநாவல். 1932ஆம் ஆண்டு. ஒரு யூத வைத்தியரின் மகன் ஹான்ஸ். பிரபு குடும்பத்துப் பையன் கொன்ராடின். பதினாறு வயது. நாணயம் சேர்ப்பதிலும் கவிதை வாசிப்பதிலும் தொடங்கி நெருங்கிய நட்பாகிறது. ஒருநாள் நாடக அரங்கில் தன் பெற்றோருடன் வந்த கொன்ராடின் ஹான்ஸைக் கண்டும் காணாதவன்போல் போய்விடுகிறான். அவன் தாய்க்கு யூதரைப் பிடிக்காது. அந்த நாடக அரங்கும் எங்கள் வாத்தியார் வீட்டு விறாந்தைத் தூணும் ஒன்றே என்று வாசித்தபோது எனக்குப் பட்டது. ஹான்ஸை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெற்றோர் தற்கொலை செய்துகொள்கிறார்கள். பல வருடங்களின் பின் பழைய பாடசாலையிலிருந்து, போரில் இறந்த மாணவர்களின் பெயர்ப் பட்டியல் அவனுக்கு வருகிறது. எல்லாப் பெயரையும் பார்த்தவன் ஒரே ஓர் எழுத்தில் தொடங்கும் பக்கத்தை மட்டும் பார்க்க அஞ்சுகிறான். முடிவை நான் சொல்லப்போவதில்லை. தேடி வாசிப்பவர் வாசிக்கட்டும்.

இந்நூலை எழுதியவர் துரத்தப்பட்ட பக்கத்தைச் சேர்ந்தவர். அதற்குப் பத்து வருடம் முன்னர், 1961இல், ஜெர்மனியிலேயே இன்னொரு புத்தகம் வந்துவிட்டது. ஹான்ஸ் பேட்டர் ரிக்டர் எழுதிய, ஆங்கிலத்தில் 'ஃப்ரீட்ரிக்' என்ற பெயரில் அறியப்படும் இளையோர் நாவல். ரிக்டர் 1925இல் பிறந்தவர், யூதர் அல்லர். ஒரே மாடி வீட்டில் மேலும் கீழும் வாழும் இரண்டு குடும்பங்கள். கதைசொல்லும் ஜெர்மன் பையனும் யூதப் பையன் ஃப்ரீட்ரிக்கும் ஒரே வயது. கதைசொல்லியின் தகப்பன் வேலையில்லாத் துன்பம் தாங்காமல் கட்சியில் சேர்கிறார். அவர் கெட்டவரில்லை; அயல்வீட்டாரை எச்சரிக்கவும் செய்கிறார். 1938இல் யூத வீடுகள் உடைக்கப்பட்ட நாளில் வீதியில் போன கூட்டத்தோடு கதைசொல்லியும் போகிறான். கையில் ஒரு சுத்தியல் அகப்படுகிறது. உடைக்கிறான். உடைப்பது அவனுக்குச் சந்தோஷமாகவே இருக்கிறது. பிறகு வீட்டுக்கு வந்தால், ஃப்ரீட்ரிக்கின் வீட்டையும் ஒரு கூட்டம் உடைத்துக்கொண்டிருக்கிறது. 1942இல் விமானக் குண்டுவீச்சின்போது ஃப்ரீட்ரிக்கைப் பதுங்குகுழிக்குள் விடாமல் தடுக்கிறார் வீட்டுச் சொந்தக்காரர்.

அந்த நாவலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூதப் பையனுக்குப் பெயர் இருக்கிறது, குடும்பப் பெயர் இருக்கிறது. கதைசொல்லும் பையனுக்குக் கடைசிவரை பெயரே இல்லை. ஜெர்மன் பாடசாலைகளில் பல தலைமுறைப் பிள்ளைகள் இதை வாசித்திருக்கிறார்கள். போர் முடிந்து பதினாறே வருடங்களில், மிஞ்சியிருந்த பக்கத்திலிருந்து ஒருவர் எழுதி, அதைத் தங்கள் பிள்ளைகளின் கையில் கொடுத்த சமூகம் அது. சுத்தியலை மறைக்கவில்லை.

வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றம் நடந்து முப்பத்தைந்து வருடங்கள் கடந்துவிட்டன. ஆய்வுகள் வந்திருக்கின்றன. பேராதனைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லாஹ், தானும் துரத்தப்பட்ட சமூகத்தவர், 2018இல் இறக்கும்வரை இந்த விடயத்தையே தன் வாழ்நாள் வேலையாகச் செய்தார். எத்தனை குடும்பம், எத்தனை வீடு, எவ்வளவு நிலம் என்று கணக்கெடுத்து எழுதினார். 2011இல் பிரஜைகள் ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதே ஆண்டில் மானுடவியலாளர் ஷாரிகா திராணகம ஆங்கிலத்தில் எழுதிய நூலில் தமிழரின் இடப்பெயர்வும் புத்தளத்து வடக்கு முஸ்லிம்களின் வாழ்வும் ஒரே அட்டைக்குள் வைக்கப்பட்டன. அவர் யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளரும் 'முறிந்த பனை' ஆசிரியர்களுள் ஒருவருமாகி, 1989இல் கொல்லப்பட்ட ராஜினி திராணகமவின் மகள். எங்கள் பக்கத்திலிருந்து கவிதைகளும் சிறுகதைகளும் நிறைய வந்திருக்கின்றன. இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு அவற்றைப் பட்டியலிட்டுக் காட்டத் தேவையில்லை. அவை துரத்தப்பட்டவர்கள் எழுதியவை. ஹான்ஸின் கதையை நாம் எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஆங்கிலத்தில் எழுதும் நம்மவர் இந்த வயதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஷியாம் செல்வதுரையின் 'சுவிம்மிங் இன் த மொன்சூன் சீ' 2005இல் இளையோர் நாவலாகவே வெளியிடப்பட்டது. 1980ஆம் ஆண்டுக் கொழும்பு, பதினான்கு வயது அம்ரித், கனடாவிலிருந்து வரும் மைத்துனன், பாடசாலையில் 'ஒதெல்லோ' நாடக ஒத்திகை, இடையில் முளைக்கும் பொறாமை. நல்ல நாவல். ஆனால் 83க்கு முந்திய கொழும்பு மேல்தட்டு அது. வி. வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' 2023இல் வெளிவந்து, 2024இல் பெண்களுக்கான புனைகதைப் பரிசை வென்றது. 1981இல் யாழ்ப்பாணத்தில் வைத்தியராக விரும்பிப் படிக்கும் சசி, துவிச்சக்கர வண்டியில் வந்து உதவும் அயல்வீட்டு 'கே', பின்னர் அவன் இயக்கத்தில் சேர்வது என்று போகும் கதை. இரண்டையும் தமிழ்ப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும். கிராமத்துப் பத்தாம் தரம் ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் வாசிக்கும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமன்று. கொழும்பிலும் கண்டியிலும் இருக்கின்ற நண்பர்கள் கோபிக்கக் கூடாது.

தமிழில் ஏன் ரிக்டர் எழுதியது போன்ற ஒன்று வரவில்லை? யாழ்ப்பாணத்துச் சகோதரர்கள் மனச்சாட்சி இல்லாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். வெளியேற்றத்தை அன்றே கண்டித்து எழுதிய தமிழர்கள் இருந்தார்கள். அதற்காக நாட்டைவிட்டு ஓடியவர்களும் உண்டு. அன்று வழியில் தண்ணீரும் சோற்றுப் பார்சலும் கொடுத்தவர்களை எங்கள் மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். காரணம் வேறு. எழுத வேண்டிய பையனே அகதி. காங்கேசன்துறைப் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். யூனில் அவன் வீடிழந்தான். ஒக்டோபரில் அவன் சினேகிதனின் தெரு வெறுமையாயிற்று. முஸ்லிம்களின் வீட்டுப் பொருட்கள் விற்கப்பட்டன. வீடுகளில் இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்கள் குடியேறின. இருக்க இடமில்லாதவன் கிடைத்த கூரைக்குள் போனான். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கூரைக்குள் இருந்தவனுக்கு ஒரு கதை இருக்கிறது. ரிக்டரின் பையனுக்கு இருந்த கதையைவிடச் சிக்கலானது. அவன் சுத்தியலை எடுக்கவில்லை. யன்னலைத் திறந்து படுத்தான், அவ்வளவுதான்.

பிறகு 1995. இராணுவம் வலிகாமத்துக்குள் முன்னேறியபோது யாழ். நகரமும் சுற்றுப்புறமும் ஓரிரவில் காலியாயிற்று. இலட்சக்கணக்கானோர் செம்மணிப் பக்கமாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் நெரிந்துகொண்டு தென்மராட்சி போனார்கள். வெளியேறச் சொல்லி அன்றும் அறிவித்தவை ஒலிபெருக்கிகள்தாம். அந்த நாள் ஒக்டோபர் 30. ஐந்து வருடம் கழித்து அதே திகதி. இதை அல்லாஹ்வின் கணக்கு என்று எங்கள் ஆட்கள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சு எனக்கு உடன்பாடில்லை. மழையில் நனைந்துகொண்டு போன பிள்ளைகளில் 1990இல் பிறந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்?

எங்கள் பக்கத்திலும் எழுதப்படாத ஒன்று உண்டு. புத்தளத்தில் எங்களை வரவேற்றவர்கள் பள்ளிவாசல்களையும் தென்னந்தோட்டங்களையும் திறந்துவிட்டார்கள். அந்த நன்றி தீராது. ஆனால் பாடசாலைகளில் இடம் போதாமல் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடந்தது. காலை வகுப்புப் பிள்ளைகள் கலைந்து போகும்போது நாங்கள் உள்ளே போவோம். ஒரே மேசை, ஒரே வாங்கு. இருந்தவனின் முகம் தெரியாது. வாசலில் "அகதி" என்ற சொல் எறியப்படும். எறிந்தவரும் முஸ்லிம் பிள்ளைகள், வாங்கியவரும் முஸ்லிம் பிள்ளைகள். சில சினேகிதங்கள் அந்த வாசலில் தொடங்கவே இல்லை. ஒரு மேசையைக் காலையிலும் மாலையிலும் பகிர்ந்த இருவரைப் பற்றி நம் இளைஞர் யாராவது எழுதினால் இந்தச் சஞ்சிகை அதற்குப் பக்கம் ஒதுக்கும் என்று நம்புகிறேன்.

2002 ஏப்ரலில் கிளிநொச்சிப் பத்திரிகையாளர் சந்திப்பில், முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று அன்ரன் பாலசிங்கம் ஒப்புக்கொண்டார். போர் 2009 மேயில் முடிந்தது. சோனகதெருவுக்குத் திரும்பிய குடும்பங்கள் குறைவு. பெரும்பாலோருக்குப் புத்தளமே ஊராகிவிட்டது. காங்கேசன்துறைக்கு 2015 ஜனவரி 2ஆந் திகதி புகையிரதம் மறுபடி ஓடியது. 2016இல் நடேஸ்வராக் கல்லூரியும் சுற்றியுள்ள காணிகளும் விடுவிக்கப்பட்டன. 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைத் துறைமுகத்துக்குப் பயணிகள் கப்பல் வந்தது.

காணி விடுவித்த அந்த வருடம் நான் காங்கேசன்துறைக்குப் போனேன். ஓட்டுமடத்து உறவினர் மூலம் அவனுடைய தொலைபேசி இலக்கம் கிடைத்திருந்தது. மல்லாகத்தில் குடியிருக்கிறான், தன் வளவைத் துப்புரவாக்க வந்திருந்தான். எல்லைக் கற்கள் காணாமற் போனபடியால் எது தன் வளவு, எது சித்தப்பாவின் வளவு என்று தெரியாமல் கிணற்றை வைத்து அளந்துகொண்டிருந்தான். தேத்தண்ணி குடித்தோம். பிள்ளைகளைப் பற்றிப் பேசினோம். போகிற நேரத்தில் தானாகவே சொன்னான்: 91இல் அவன் குடும்பம் சோனகதெருவில் ஒரு வீட்டுக்குப் போயிருக்கிறது, 95வரை அங்கேதான். போன முதல் நாள் பொழுதுபட்ட நேரம், யன்னல் திட்டில் தன் கொம்பாஸ் பெட்டியைக் கண்டிருக்கிறான். அப்போதுதான் அது யாருடைய வீடு என்று அவனுக்குத் தெரிந்ததாம்.

அம்மாவிடம் சொன்னாயா என்று கேட்டேன். அவன் அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தான். "இல்லை," என்றான்.

எழுதேன் என்றேன். நீதானே எழுத்துக்காரன், நீ எழுது என்றான். அந்த நாலு வருடமும் நான் அந்த வீட்டில் இருக்கவில்லையே என்று சொன்னேன். அவன் கிணற்றடிக்குத் திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து அளக்கத் தொடங்கினான். நான் நாடாவின் மறுநுனியைப் பிடித்தேன்.